மூன்று மணிக்கொரு டம்ளர்

அக்கா,

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு நம் வீட்டு ஆட்டுக்குட்டி ஒரு டம்ளர் சோளமாவுக் கரைசலைக் குடித்து முடித்து, மரியாதையாக ஓர் ஏப்பமும் விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. விசாரணைக் கமிஷன் தேவையில்லை. மாவைக் கண்டு அஞ்சாத வீரன் என்பதால் அதற்கு மாவீரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். நீ போன பிறகு பிறந்த குட்டி, உனக்குத் தெரியாது.

அந்த டம்ளர் உண்மையில் எனக்கு வந்தது. அம்மா கரைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். தெருவில் கீரைக்காரி கூப்பிட்டாள். அம்மா வாசலுக்குப் போய்த் திரும்பும் அரை நிமிடம் போதும் மாவீரனுக்கு.

பச்சைத் தண்ணீரில் கரைத்த சோளமாவின் வாசனை எப்படி இருக்கும் தெரியுமா? பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் டப்பாவில் மழைத்தண்ணீர் புகுந்தால் வருமே, அப்படி. அந்த வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் நீதான் நினைவுக்கு வருகிறாய். நீயோ அதை ஒருமுறைகூடக் குடித்ததில்லை. குடித்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

நம் வீட்டின் இன்றைய சட்டதிட்டங்களைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு இட்லி. ஒன்பதுக்கு மாவு. பன்னிரண்டுக்குச் சோறு. மூன்றுக்கு மாவு. இப்படியே இரவு படுக்கும்வரை. எட்டு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயவிடாதீர்கள், படுக்கும்முன் மட்டும் இதைக் கரைத்துக் கொடுங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். எட்டை மூன்றாக்கியது அம்மாவின் சொந்தக் கணக்கு. அவள் போனில் ஐந்து அலாரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம், மேசையில் பிஸ்கட். பையன்கள் எனக்குச் ‘சார்ஜர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருந்தவனுக்கு வந்த கதி இது.

தெருமுனை தாண்டினால் அம்மா கூப்பிடுவாள். கச்சிராயபாளையம் கடைத்தெருவுக்குப் போகவே அப்பாவின் வண்டியில், அப்பாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டுதான். மொட்டைமாடியில் ஏறி நின்றால் கல்வராயன் மலை அப்படியே தெரிகிறது. பார்த்துக்கொள்ளலாம், தடையில்லை.

போன வருடத்து ஆடித் திருவிழாவை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லவும் தேவையில்லை, நீ அங்கேதான் இருந்தாய். ஆனாலும் நான் நின்ற பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது.

காப்புக் கட்டியதற்கு மறுநாளே உனக்குக் காய்ச்சல். கட்டியபின் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு என்னிடம் சத்தியம் வாங்கினாய். “அம்மாகிட்ட சொன்ன, நீ என் காலேஜுக்கு யார் மாதிரி போன் பண்ணினன்னு நானும் சொல்லுவேன்” என்றாய். நியாயமான பேரம். உனக்கு மட்டம் போட வேண்டிய நாளில் உன் துறைத்தலைவரைக் கூப்பிட்டு, “பொண்ணுக்குக் கண்ணுல நோவுங்க, ரெண்டு நாள் ஆவும்ங்க” என்று அப்பா குரலில் பேசியவன் நான்தானே. அன்றைக்கு நீ கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் கேட்கிறது. “அப்பாவே அப்பா மாதிரி இவ்ளோ நல்லாப் பேசமாட்டாருடா” என்றாய். எனக்குக் கிடைத்த ஒரே விருது அது.

அந்தப் பேரத்தோடு இன்னொரு திட்டமும் நம்மிடம் இருந்தது. தேரன்றைக்கு உனக்குச் சாமி வந்ததுபோல் நீ ஆட வேண்டும். நான் பூசாரிக்கு உதவியாள்போல் முன்னால் நின்று கேள்வி கேட்க வேண்டும். நம் அத்தை உன் கல்யாணப் பேச்சை ஊரெல்லாம் எடுத்துக்கொண்டு திரிந்தாளே, அவளை ஆத்தா கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும். வசனமெல்லாம் நான் எழுதியாயிற்று. “நடிக்கிறவனுக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியணும்டா, உனக்கு அது தெரியாது” என்று நீ என் தலையில் தட்டினாய்.

தேருக்கு முந்தின ராத்திரியிலிருந்தே நீ பட்டினி. மதியம் கரகம் வரும்வரை பச்சைத்தண்ணீர்தான். நான் பானகப் பந்தலில் நின்று அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். நம் ஊர் வெல்லம், நம் ஊர் எலுமிச்சை, கொஞ்சம் ஏலக்காய். மயக்கம் என்று வந்தவர்கள் ஒரு டம்ளர் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். கரும்பு விளைகிற ஊரில் மயக்கத்துக்கு வேறென்ன மருந்து?

நீ வந்தாய். பந்தல் கம்பத்தைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்தாய். மூச்சு நீளநீளமாக வாங்கியது. உடம்பு நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. பார்த்த பெண்கள் குலவை போட்டார்கள். அத்தைதான் வேப்பிலையோடு முதலில் ஓடிவந்தாள்.

“பொண்ணுக்கு அருள் எறங்கிடுச்சு. வழி வுடுங்க. யாரு வந்திருக்கிறது, சொல்லும்மா.”

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அத்தையே வந்து வலையில் விழுந்தாளே. சொன்னபடி முன்னால் போய்க் கைகட்டி நின்றேன். “ஆத்தா, இன்னா வோணும், கேளு ஆத்தா” என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். “டேய், எனக்கு சாமி இல்லடா. தண்ணி” என்றாய்.

இது நாம் எழுதிய வசனத்தில் இல்லை. ஆனாலும் நீ சொந்தமாகச் சேர்த்துக்கொள்கிறாய் என்று நினைத்தேன், அவ்வளவு இயல்பாக இருந்தது. பானகம் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாய். மூச்சு இன்னும் வேகமானது. “ஆத்தாவுக்குத் தாகம் அடங்கல” என்று கூட்டத்துக்கு அறிவித்துவிட்டு இன்னொன்று கொடுத்தேன். மூன்றாவதை நானே உன் வாயில் வைத்தேன். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் உன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எப்போது கண்ணடிப்பாய் என்று காத்திருந்தேன், அக்கா.

நீ கண்ணடிக்கவே இல்லை.

ஆட்டோவில் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரி. எல்லை தாண்டக் கூடாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நீ இல்லை.

அவர்கள் உன் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார்கள். அது எங்கெங்கோ போய், பல மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் மூன்று பேரையும் பாண்டிச்சேரிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு மேடம் விளக்கினார். இந்த மாதிரி பரம்பரைச் சங்கதிகளை வீட்டுக்காரர்களுக்குப் புரியவைப்பதுதான் அவர் வேலை. நிதானமான ஆள். என் ஜோக்குக்குச் சிரிக்காத முதல் பெண்மணி.

“சாப்பிடாம இருந்தா எல்லாருக்குமே ரத்தத்துல சர்க்கரை கம்மியாகும்ங்க. அப்போ கல்லீரல் சும்மா இருக்காது. உள்ள இருக்கிறதை வெச்சே புதுசா சர்க்கரை செஞ்சு அனுப்பும். உங்க பொண்ணு உடம்புக்கு அதைச் செய்யத் தெரியல. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். அதைச் செய்யறதுக்கான குறிப்பு ரெண்டு பிரதியா வரும். அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு. ஒண்ணு நல்லா இருந்தாலே போதும். அவங்களுக்கு ரெண்டுமே பழுது.”

அப்பா கேட்டார். “நல்லாக் கரும்பு துன்னுமே மேடம். டிராக்டர்ல தொங்கிக்கினு உருவும். ஒண்ணும் ஆனதில்லியே.”

“வயிறு நெறைஞ்சு, உடம்பு நல்லா இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க. பட்டினியும் காய்ச்சலும் சேர்ந்தாத்தான் ஆபத்து. அந்த நேரத்துல வெல்லம் உதவாது. உள்ள மிச்சமிருக்கிற கொஞ்ச நஞ்ச வழியையும் அது அடைச்சுடும். வெல்லம் வேற, குளுக்கோஸ் வேற. நேரா குளுக்கோஸ்தான் ஏத்தணும்.”

அப்போதுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் இரண்டுமுறை காய்ச்சலில் உனக்கு இப்படித்தான் மூச்சு வாங்கியதாம். கள்ளக்குறிச்சியில் ஒரு பாட்டில் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாயாம். சளி என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்களாம்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “எத்தன டம்ளர் குடுத்தா ஆபத்து மேடம்?”

“எத்தனை குடுத்தாங்க?”

“தெரியல” என்றேன்.

மேடம் ஒரு தாளில் நம் குடும்பத்தைக் கட்டமும் வட்டமுமாக வரைந்தார். மற்றவர்கள் வீட்டில் அது மரம்போல் விரியுமாம். நம் வீட்டில் அது பாகற்கொடி மாதிரி தன்னையே சுற்றிக்கொண்டு நின்றது. அம்மாவுக்கு அப்பா தாய்மாமன் என்று சொன்னதும் இரண்டு கோடு சேர்த்துப் போட்டார். அம்மா அந்தக் கோட்டைப் பார்த்தபடி, “மாமா, நம்மதான் குடுத்தமா?” என்றாள். பிறந்ததிலிருந்து அவள் அப்பாவை அப்படித்தானே கூப்பிடுகிறாள். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தெரிஞ்சு யாரும் குடுக்கலம்மா” என்று மேடம்தான் சொன்னார்.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, தம்பிக்கும் இருக்கலாம் என்றார். என் ரத்தமும் போனது. பதில் வரும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், வயிறு காயாமல் பாருங்கள் என்றார் டாக்டர். அன்று பிடித்த ஜெயில்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ போனபின் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அத்தை வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு வரும். நான் எதிரில் உட்கார்ந்து தின்பேன். அம்மா ஒருநாள்கூட “துன்னியாடா” என்று கேட்டதில்லை. நான் வீட்டில் இருக்கிறேனா என்பதே அவளுக்குத் தெரியுமா என்று சந்தேகம். ஒருநாள் அப்பா குரலில் கூப்பிட்டுப் பார்த்தேன், அதற்கும் திரும்பவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து வந்த மறுநாள் காலை அடுப்பு எரியும் சத்தம் கேட்டது. “எழுந்திரு, மணி ஆறு. வயிறு காயுது” என்று என் காலைப் பிடித்து இழுத்தாள். வயிறு காய்ந்தது எனக்கு. ஆனாலும் அவள் தன் வயிறுபோலச் சொன்னாள்.

இப்போது வீரப் பிரதாபத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை. அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை. அப்பா கரும்பு ஏற்றிய டிராக்டரோடு மூங்கில்துறைப்பட்டு ஆலை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. பாண்டிச்சேரி மேடம்.

“சார், உங்க பையனோட ரிப்போர்ட் வந்திருக்கு. பேசலாமா?”

தொண்டையை ஒருமுறை கனைத்தேன். “சொல்லுங்கம்மா” என்றேன், அப்பா குரலில். பீடிக் கரகரப்பு, வாக்கியத்துக்கு நடுவில் ஒரு சின்ன இருமல், எல்லாம் அசல்.

“நல்ல செய்திதான் சார். பையனுக்கு ஒரு பிரதிதான் பழுது. இன்னொண்ணு நல்லா இருக்கு. அவனுக்கு இந்த நோய் இல்ல. மாவெல்லாம் வேணாம். மத்த பசங்க மாதிரி இருக்கலாம்.”

“ரொம்ப சந்தோசம்மா” என்றேன். வைத்துவிட்டேன். போனில் வந்த ரிப்போர்ட்டை யார் கண்ணிலும் படாத இடத்தில் தள்ளிவிட்டேன். உலகத்தில் இந்தச் செய்தி தெரிந்த ஒரே குடும்ப உறுப்பினர் நான். மூளைக்கு மூளை, குரலுக்குக் குரல். நீ இருந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பாய்.

புதன்கிழமை வளைகாப்பு ஒன்று வந்தது. எலவனாசூர்கோட்டையில் இருக்கும் சின்னம்மா மகளுக்கு. அம்மா போகவில்லை. “நான் போனா இவனுக்கு யாரு கரைச்சுக் குடுப்பா? நீங்க பண்ணிக்கோங்க” என்று போனில் சொல்லிவிட்டு, வளைகாப்புக்கென்று எடுத்து வைத்திருந்த புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான் அப்போது ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. மாவைக் குடித்து உள்ளே தள்ளிவிட்டேன். ஆமாம், அன்றைக்கு நிஜமாகவே குடித்தேன்.

வியாழக்கிழமை எங்கள் வகுப்பு ஏழு நாள் முகாமுக்கு மலைக்குப் போனது. பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றது. வழியனுப்பத்தான் போனேன், அம்மா அலாரத்தோடு கூடவே வந்திருந்தாள். “சார்ஜர், மேல கரண்ட் இருக்குடா, வந்துடு” என்று ஜன்னலிலிருந்து கத்தினார்கள். சாரும் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தார்.

“நாங்க பாத்துக்கறோம்மா. மூணு வேளையும் சாப்பாடு உண்டு.”

“அவனுக்கு மூணு வேள பத்தாதுங்க சார். எட்டு வேள துன்றவன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆலை வரிசையிலிருந்து அப்பா இன்னும் திரும்பவில்லை, அவர் போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் அந்த நிமிடமே நான் பஸ்ஸில். பஸ் கிளம்பியது. கோமுகி அணைப் பக்கம் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை அக்கா. கதவு திறந்துதான் இருந்தது. நான்தான் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவையும் உள்ளே வைத்துக்கொண்டு.

திரும்பி வரும் வழியில் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்றுதான். அப்படி அவள் ஒரு நாளில் இருபது தடவை பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் தொட்ட கையைத் தன் கழுத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பாள். அந்தப் பயத்தை நிறுத்தும் மருந்து என் பையில் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை.

எல்லாம் அம்மாவுக்காகத்தான். எனக்கு ஊட்ட வேண்டாம் என்று ஆகிவிட்டால் அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். அதற்காகத்தான் ஆடும் நானுமாக இந்த மாவைத் தாங்கிக்கொண்டிருக்கிறோம். தியாகம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள். ஆனாலும் நாளைக் காலை சொல்லிவிடப் போகிறேன். யாரும் கேட்காமல், நானாக, நெஞ்சை நிமிர்த்தி. சின்னம்மா வீட்டுக்கு அம்மாவை நானே பஸ் ஏற்றிவிடுவேன்.

இந்த இடத்தில் மடலை முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும். பேனாவை மூடியும் வைத்துவிட்டேன். ஆனால் உன்னிடம் பொய் சொல்லி ஜெயித்ததாக எனக்குச் சரித்திரமே இல்லை.

மேடம் ஏமாறவில்லை, அக்கா. “ரொம்ப சந்தோசம்மா” என்று சொன்னேனே, அதில் பாதியிலேயே குரல் உடைந்து கீச்சென்று போய்விட்டது.

“தம்பி, நீதானே பேசுற?” என்றார்.

“இல்லம்மா, அப்பாதான் பேசுறேன்” என்றேன். எந்த அப்பனாவது அப்படிச் சொல்வானா?

அவர் திட்டவில்லை. போனை அம்மாவிடம் கொடு என்றார். வேண்டாம் மேடம், ஒரு வாரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஏன் என்று கேட்டார். உனக்கு மேலே எழுதினேனே, அம்மா படுத்துவிடுவாள், தியாகம் என்றெல்லாம், அதில் ஒரு வார்த்தையும் அப்போது வரவில்லை. வந்தது இதுதான்: “எங்கம்மா என்னைக் கூப்பிடறத நிறுத்திடுவாங்க மேடம்.” சொல்லிவிட்டு, அப்பா குரலிலும் இல்லாமல் என் குரலிலும் இல்லாமல் அழுதேன். மூன்று டம்ளர் கொடுத்தது யார் என்பதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் வைக்காமல் லைனிலேயே இருந்தார்.

“உனக்குத் தெரியாதுப்பா. அங்க இருந்த யாருக்கும் தெரியாது” என்றார். பிறகு, “திங்கக்கிழமை பத்து மணிக்கு நான் உங்கம்மாவுக்குப் போன் பண்ணுவேன். அதுக்குள்ள நீயே சொல்லிட்டா நல்லது” என்றார். நெஞ்சை நிமிர்த்தி நானாகச் சொல்லப்போகிற லட்சணம் அதுதான். ஒன்பதே முக்கால் வரைக்கும் இழுத்துவிட்டு, வேறு வழியில்லாமல் சொல்வேன்.

வைப்பதற்குமுன் ஒன்று கேட்டேன். “அக்காவுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணுன்னீங்களே. அது வேற, இது வேறயா மேடம்?”

“இல்லப்பா. அதே இடம், அதே மாற்றம். உங்கக்காகிட்ட இருந்ததேதான், உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருக்கு. அது உன்னை ஒண்ணும் பண்ணாது. சும்மா இருக்கும்.”

“எத்தினி நாளைக்கு?”

“ஆயுசுக்கும்.”

பயப்படுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் அதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

“இருக்கட்டும் மேடம்” என்றேன்.